சப்பாலா ஏரிக்கரையில் ஒரு வீடு

இன்று நாம் மெக்சிகோவுக்குப் போகிறோம். ஹாலிஸ்கோ மாநிலத்தின் தலைநகர் குவாதலஹாரா. அங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் போய், ஒரு மலைத்தொடரை ஏறிக் கடந்தால், கீழே சப்பாலா ஏரி விரிந்து கிடக்கிறது. அந்த நாட்டிலேயே பெரிய ஏரி அதுதான். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளம்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம் என்பதால் ஆண்டு முழுக்க இதமான காற்று. மழை பெரும்பாலும் ஜூனில் தொடங்கி அக்டோபர் வரை, அதுவும் இரவில்தான் அதிகம் பெய்கிறது. விடிந்தால் மலை பச்சையாக நிற்கிறது. ஆங்கில நாவலாசிரியர் டி. எச். லாரன்ஸ் 1923-ல் இங்கே தங்கி ஒரு நாவலின் முதல் வடிவத்தை எழுதினார். பிறகு ஓவியர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், ஓய்வுபெற்ற அமெரிக்கர்களும் கனடாக்காரர்களும் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினார்கள். அவர்களுக்கு மிகவும் பிடித்த ஊர் அஹிஹீக். உருளைக்கல் பாவிய தெருக்கள், அடர்ந்த வண்ணம் பூசிய சுவர்கள், அவற்றின் மேல் வழியும் காகிதப்பூக்கள். புதன்கிழமை தெருச்சந்தையில் ஆங்கிலமும் ஸ்பானிய மொழியும் கலந்து கேட்கும். வீட்டு விலையை டாலரில்தான் சொல்கிறார்கள்.

இப்படி ஓர் ஊரில், தண்ணீரைப் பார்த்தபடி ஒரு வீடு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அந்த ஆசைக்கு நியாயமான விலை எது என்பதை இந்த ஏரியே சொல்லிக்கொடுக்கிறது.

இவ்வளவு பெரிய ஏரிக்கு ஆழம் மிகக் குறைவு. மிக ஆழமான இடத்திலும் பத்து மீட்டர் அளவுதான். அதனால் நீர்மட்டம் கொஞ்சம் இறங்கினாலே கரை வெகுதூரம் உள்வாங்கிவிடும். லெர்மா ஆறுதான் இதற்கு முக்கிய வரத்து. வழியெல்லாம் அணைகளும் பாசனமும் அதை உறிஞ்சுகின்றன. இந்தப் பக்கம் குவாதலஹாரா நகரமே தன் குடிநீரில் பெரும்பகுதியை இங்கிருந்துதான் எடுக்கிறது. 1955-ல் ஏரி வரலாறு காணாத அளவுக்கு வற்றியது. 2002-லும் ஏறக்குறைய அப்படித்தான், கொள்ளளவில் ஆறில் ஒரு பங்குகூடத் தண்ணீர் இல்லை. பிறகு நல்ல மழை பெய்தது, ஏரி தன் இடத்துக்குத் திரும்பியது.

தண்ணீர் போன இடத்தில் நிலம் முளைக்கிறது, அல்லவா? அங்கேதான் வாங்குகிறவர் கண் விழித்திருக்க வேண்டும். ஏரிப்படுகையும், உச்ச நீர்மட்டக் கோட்டுக்கு வெளியே 10 மீட்டர் அகலப் பட்டையும் மெக்சிகோ அரசின் சொத்து. நம் ஊர் ஏரிப் புறம்போக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நீர் ஆணையம் அதைப் பயன்படுத்த அனுமதி தரும், உரிமை தராது. விற்பவர் தண்ணீர் வரைக்கும் வேலி போட்டு, புல்வெளி வளர்த்து, 'எல்லாம் வீட்டோடு சேர்ந்தது' என்று காட்டுவார். அந்தப் புல்வெளிக்கு அனுமதி யார் பெயரில் இருக்கிறது, கட்டணம் கட்டியிருக்கிறாரா என்று கேளுங்கள். பத்திரத்தில் உள்ள நிலத்துக்கு மட்டும் விலை பேசுங்கள்.

விலை மிகவும் மலிவாகத் தெரிந்தால் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். மெக்சிகோ புரட்சிக்குப் பிறகு கிராமத்து உழவர்களுக்குக் கூட்டாகப் பிரித்துக் கொடுத்த நிலம் உண்டு. அதற்கு எஹீதோ என்று பெயர். 1992-ல் சட்டம் திருத்தப்பட்டு, முறைப்படி தனியார் நிலமாக மாற்றும் வழி வந்தது. அப்படி மாற்றாத நிலத்தை வெளிநாட்டவர் வாங்க முடியாது. கையெழுத்துப் போட்ட வெறும் காகிதத்தை நம்பிப் பணம் கொடுத்தால் நிலமும் நிற்காது, பணமும் திரும்பாது. அந்த உழவர்களுடைய நிலம் அவர்களிடமே இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணமும்.

சப்பாலாவுக்கு ஒரு வசதி உண்டு. கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும் நாட்டெல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் வெளிநாட்டவர் நேரடியாக நிலம் வாங்க முடியாது. வங்கி அறக்கட்டளை வழியாகத்தான் வாங்க வேண்டும். இந்த ஏரி அந்த வளையத்துக்கு வெளியே இருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் அனுமதியோடு உங்கள் பெயரிலேயே பத்திரம் எழுதலாம். எழுதுபவர் 'நோத்தாரியோ' எனப்படும், அரசு நியமித்த மூத்த சட்டவல்லுநர். வில்லங்கச் சான்றிதழ் அங்கேயும் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். வரியை மிச்சப்படுத்தப் பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாளை நீங்கள் விற்கும்போது அந்த வித்தியாசம் முழுவதும் உங்கள் லாபமாகக் கணக்கிடப்படும். இந்தியாவில் வசிப்பவர் என்றால், ஒரு நிதியாண்டில் ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடிய உச்சவரம்பு 2,50,000 டாலர் என்பதும் நினைவிருக்கட்டும்.

சரி, கரை வேண்டாம், மலைச்சரிவில் உயரமாக வாங்கிவிடலாமா? காட்சி அற்புதம்தான். ஆனால் 2007 செப்டம்பரில், பக்கத்து ஊரான சான் ஹுவான் கொசலாவில் பெருமழை மலையிலிருந்து சேற்றையும் பாறைகளையும் தெருக்களுக்குள் உருட்டிக்கொண்டு வந்தது. வெயில் காலத்தில் காய்ந்து கிடக்கும் ஓடை எந்த வீட்டை ஒட்டிப் போகிறது என்று நடந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

என் கணிப்பில் நல்ல மதிப்பு நடுவில் இருக்கிறது: பழைய ஊருக்குள், ஏரியிலிருந்து இரண்டு மூன்று தெரு தள்ளி, மாடியில் ஏறினால் தண்ணீர் தெரிகிற வீடு. அஹிஹீக்கின் பெயருக்குக் கூடுதல் விலை தர வேண்டாம் என்றால், கிழக்கே சப்பாலா ஊரைப் பாருங்கள். ஏரிக்கரை நடைபாதை, சந்தை, அரசு அலுவலகங்கள் எல்லாம் அங்கே உண்டு. மேற்குக் கோடியில் பழத்தோட்டங்கள் சூழ்ந்த ஹொகோதெபெக் இன்னும் மலிவு. வாங்குவதற்கு முன் மே மாத இறுதியில் ஒருமுறை போங்கள், ஏரி மிகவும் இறங்கியிருக்கும். மழை முடிகிற அக்டோபரில் இன்னொரு முறை போங்கள். அப்போது கரையோரத்தில் ஆகாயத்தாமரை எவ்வளவு அடைத்திருக்கிறது, ஓடைகள் எங்கே பாய்ந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டு விலை பேச உட்காருங்கள்.