வெள்ள நிவாரணமும் குத்தகையுழவரும்

(கோரிமேட்டிற் கூடிய நம் சங்கக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாளிரவு பெஞ்சற் புயல் புதுவையை அடுத்துக் கரை கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. பயிரிழந்தோர்க்கு ஹெக்டேருக்கு 30,000 ரூபாய் என்று புதுவை அரசாங்கத்தார் அறிவித்தனர். இக்கோரிமேட்டெல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டிலோ இறவை நெல்லுக்கு 17,000. அதுவும் நூற்றுக்கு 33 பங்கேனும் அழிந்திருந்தாற்றான். பெய்த மழை ஒன்றே. அது நிற்க.

யாம் வற்புறுத்த வந்தது வேறு. நிவாரணப் பணம் ஏட்டிலுள்ள பெயர்க்கே செல்லும். நம்மவருள் வாய்மொழிக் குத்தகைக்கு உழுவோர் பலர். விதை, எரு, நடவுகூலி யாவும் அவர் பட்ட கடன். பட்டாவோ நிலக்காரர் பெயரில். குத்தகைச் சீட்டில்லையேல் கிராம நிர்வாக அதிகாரி சாகுபடிச் சான்று எங்ஙனம் அளிப்பார்? எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போமென்று உடையார் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் முற்றும் பொய்யென்று யாம் கூறோம். ஆயினும் தாம் விதையாத பயிரின் நட்டத்துக்கு வந்த பணத்தைத் தம் பெட்டியில் வைத்தல் என்ன நியாயம்?

ஆதலின், நிலமுடைய அங்கத்தினர்க்கு எமது விண்ணப்பம்: அடுத்த நடவுக்கு முன்னரே ஆண்டுக் குத்தகைச் சீட்டு எழுதிக் கொடுங்கள். முன்னர்ப் பெற்ற நிவாரணம் தங்கள்பால் இருப்பின், உழுதவர் கையில் இப்பொங்கலுக்குள் சேர்ப்பியுங்கள்.