இணைய விளையாட்டும் எங்கள் பிள்ளைகளும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு மேடையில் வீடியோ கேம் பற்றிய பேச்சா என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. ஆனால் எங்களைப் போன்ற வைத்தியர்களிடம் தாய்மார் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "டொக்டர், பிள்ளை கேமை விட்டு எழும்புறாளில்லை. இது ஒரு வருத்தமோ?"

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய் வகைப்பாட்டில் இதற்கென்று ஒரு பெயர் இருப்பது உண்மை. ஆனால் அங்கே மணித்தியாலக் கணக்கு இல்லை. விளையாட்டைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடியாமை, மற்ற எல்லாவற்றையும் பின்தள்ளி அதுவே முதலிடம் பிடிப்பது, கெடுதல் வந்த பின்னும் தொடர்வது, இவற்றால் படிப்போ உறவோ கடுமையாகக் குலைவது, அதுவும் வழமையாக 12 மாதங்களாவது நீடிப்பது. இத்தனையும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். விடுமுறையில் நாலு மணித்தியாலம் விளையாடும் பிள்ளைக்கு நாங்கள் அந்தப் பட்டத்தைச் சூட்டக்கூடாது.

2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் இதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். 2019இல் 16 வயதுப் பையன் ஒருவன் ஃபோர்ட்நைட் உலகக் கிண்ணத்தில் 30 இலட்சம் டொலர் வென்றான். பிள்ளைகள் எங்களோடு வாதாடும்போது அவனைத்தான் இழுப்பார்கள்! தகுதிச் சுற்றோடு வீடு திரும்பிய கோடிக்கணக்கானோரைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

நாங்கள் வலைப்பந்தாட்டம் ஆடிய காலத்தை நினைத்துப் பாருங்கள். அதுவும் போட்டிதான். இல்லங்களுக்கிடையில் சண்டை வராத வருடம் உண்டா? ஆனால் ரீச்சர் விசில் ஊதுவார், மைதானம் இருட்டும், வீட்டுக்கு நடக்கும்போது தோற்றதையும் சொல்லிச் சிரிப்போம். தரவரிசைக்காக ஆடும் இணைய ஆட்டத்தில் மைதானம் இருட்டுவதேயில்லை. தோற்றால் புள்ளி இறங்கும், இறங்கியதை அன்றிரவே மீட்கவேண்டும் என்ற வெறி வரும். அந்த நேரத்தில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், அதில் சந்தோசம் இராது. எத்தனை மணி ஆடினாள் என்பதைவிட நாங்கள் கவனிக்கவேண்டியது அதைத்தான். அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் தோற்றால் அன்றைக்குத் தரவரிசை ஆட்டம் போதும், வேண்டுமானால் சும்மா சிரித்து விளையாடும் ஆட்டம் ஒன்று என்று பிள்ளையோடு பேசி வைத்துக்கொள்ளலாம்.

வயரைப் பிடுங்கும் அம்மாமாருக்கும் ஒரு சொல். ஐந்து பேர் கொண்ட அணியில் ஒருத்தி நடுவில் போனால் மற்ற நால்வரும் அந்தரப்படுவார்கள், அவளுக்குத் தண்டனையும் விழும். "உடனே வா" என்பதற்குப் பதிலாக, "இது முடிய எத்தனை நிமிடம்? அடுத்தது தொடங்காதே" என்று கேளுங்கள். சோறு ஆறினால் சூடாக்கலாம்.

இன்னொன்று, பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு. குரல் கேட்டதும் பெட்டையென்று தெரிந்து தூசணம் பேசுகிறார்கள் என்பதற்காக, ஒலிவாங்கியை அடைத்துவிட்டு ஊமையாய் ஆடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதை வீட்டில் சொன்னால் விளையாட்டையே நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில் சொல்வதுமில்லை. அவள் சொல்லக்கூடிய வீடாக எங்கள் வீடு இருக்கிறதா?

நித்திரை விடயத்தில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணித்தியாலம் வேண்டும். இங்கே இரவிரவாக விழித்திருக்கும் பிள்ளைகளில் சிலர் ஆடுவது அந்நியரோடல்ல, வெளிநாட்டில் இருக்கும் மச்சாள்மாரோடு. கோடையில் லண்டனில் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு அவர்கள் கூப்பிடும்போது இங்கே நள்ளிரவு 12.30. ரொறன்ரோவில் அதே எட்டு மணி, இங்கே விடிய 5.30, பள்ளிக்கூடத்துக்கு எழும்பும் நேரம்.

ஆகவே வெளிநாட்டுத் தோழியரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகள் இங்குள்ளவர்களோடு விளையாடட்டும், அந்த உறவு எங்களுக்கு வேண்டும். ஆனால் சனிக்கிழமை காலையில் கூப்பிடச் சொல்லுங்கள். கோடையில் ரொறன்ரோவில் காலை பத்து மணி என்றால் இங்கே இரவு 7.30. இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, சாப்பிட்டுப் படுக்க நேரமிருக்கும்.