துட்டு இங்க, பாட்டு சிலோன்ல: ரேடியோ லைசென்ஸ் கட்டணுமா?

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு குட்டிப் புத்தகம். போன மாசம் திருநெல்வேலியில ஆச்சி வீட்டு பீரோவை ஒதுங்க வைக்கும்போது, பழைய ரேஷன் கார்டுகளுக்கு நடுவுல கிடைச்சது. உள்ளே தாத்தா பேரு, விலாசம், பக்கத்துக்குப் பக்கம் ஸ்டாம்பு மாதிரி வில்லைகள், அது மேல போஸ்ட் ஆபீஸ் முத்திரை.

"இது என்னது ஆச்சி?"

"ரேடியோ லைசென்ஸ்லா அது!"

ஆமா, இந்தியாவுல வீட்டுல ரேடியோ வச்சிருக்கவே லைசென்ஸ் வேணும். வருஷத்துக்கு 15 ரூபாய், போஸ்ட் ஆபீஸ்ல கட்டணும். டிவி வந்ததும் அதுக்குத் தனியா 50 ரூபாய். 1980-களின் நடுவுலதான் இது முழுசா ஒழிஞ்சது. ஒரு டிரான்சிஸ்டருக்கு லைசென்ஸான்னு நமக்குச் சிரிப்பு வரும். ஆனா இதே கேள்வி இன்னைக்கு பிரிட்டன்ல பெரிய சண்டையா ஓடிட்டு இருக்கு: பொது ஒலிபரப்புக்கு ஒவ்வொரு வீடும் பணம் கட்டணுமா?

அங்க போறதுக்கு முன்னாடி ஆச்சி சொன்ன ஒரு விஷயம். "கெட்டுனது இங்க, கேட்டது சிலோன்." 1952-ல தகவல் ஒலிபரப்பு அமைச்சரா வந்த பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டுன்னாலே ஆகாது. ஆல் இந்தியா ரேடியோவுல அதை ஓரங்கட்டினார். சாஸ்திரிய சங்கீதம் கேட்டு ஜனங்க ரசனை வளரட்டும்னு நினைச்சார். ஜனங்க என்ன பண்ணினாங்க? முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினாங்க. வேற வழியில்லாம 1957-ல விவித் பாரதி ஆரம்பிச்சாங்க. ஆனா எங்க ஆச்சி வீட்டு முள்ளு அதுக்கப்புறமும் சிலோனை விட்டு நகரவே இல்லையாம்.

அந்தப் புத்தகத்துல 1976-ம் வருஷ முத்திரையும் இருக்கு. எமர்ஜென்சி வருஷம். அரசாங்கப் பிரசாரத்துக்கு ஒத்துழைக்கலைங்கிறதுக்காக கிஷோர் குமார் பாட்டை ரேடியோவுல நிறுத்தி வச்ச வருஷம். செய்தியைப் பத்திச் சொல்லவே வேண்டாம். தாத்தா அந்த வருஷமும் ஒழுங்கா 15 ரூபாய் கட்டியிருக்கார். அதாவது, கட்டணம் கட்டினா மட்டும் ஸ்டேஷன் நம்ம பேச்சைக் கேட்காது. அந்தப் பணமும் அதிகாரமும் மந்திரி கையிலதான் இருந்தது.

இப்ப பிரிட்டன். 1922-ல 10 ஷில்லிங்கா ஆரம்பிச்ச லைசென்ஸ், 2025 ஏப்ரல்ல 174.50 பவுண்ட் ஆச்சு. நம்ம காசுக்குக் கிட்டத்தட்ட 20,000 ரூபாய். எந்த சேனலா இருந்தாலும் லைவ் டிவி பாக்கணும்னா, இல்ல பிபிசியோட ஐபிளேயர் பாக்கணும்னா, இது கட்டாயம். நெட்ஃப்ளிக்ஸ்ல படம் மட்டும் பாத்தா வேண்டாம். (கறுப்பு வெள்ளை டிவிக்குத் தனி ரேட்டு இன்னும் இருக்கு, 2025 ஏப்ரல்ல அது 58.50 பவுண்ட் ஆச்சு. நிஜமாத்தான்.)

இதுல ரெண்டு அநியாயம் எனக்குத் தெரியுது. ஒண்ணு, கோடீஸ்வரனுக்கும் கிளீனிங் வேலை பாக்கிறவங்களுக்கும் ஒரே தொகை. ரெண்டு, கட்டாமப் பாத்தா அது கிரிமினல் குற்றம், 1,000 பவுண்ட் வரைக்கும் அபராதம். 2020-ல இங்கிலாந்துல இந்தக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவங்கள்ல முக்கால்வாசிப் பேர் பெண்கள். பெண்கள் அதிகமா டிவி பாக்கிறாங்கன்னு அர்த்தம் இல்ல. ஆய்வாளர் வந்து கதவைத் தட்டும்போது வீட்டுல இருந்து திறக்கிறது பெரும்பாலும் அவங்கதான்.

அப்புறம் ஏன் அதை ஒரேயடியா ஒழிக்கணும்னு நான் சொல்லல? 1982 ஃபாக்லாந்து போர். பிபிசி செய்தியில "நம் படைகள்"னு சொல்லாம "பிரிட்டிஷ் படைகள்"னு சொன்னாங்க. மார்கரெட் தாட்சருக்கு அவ்வளவு கோபம். ஆனாலும் பிபிசி அப்படியேதான் சொல்லிட்டு இருந்தது. போர் நேரத்துல, சொந்த நாட்டுப் பிரதமர் முறைக்கும்போது! அந்த இடத்துல நம்ம 1976-ஐ வச்சுப் பாருங்க.

அதுக்காக பிபிசி முழு சுதந்திரப் பறவைன்னும் சொல்ல முடியாது. கட்டணம் எவ்வளவுன்னு முடிவு பண்றது அரசாங்கம். 2022-ல ரெண்டு வருஷத்துக்கு 159 பவுண்ட்லயே நிறுத்தி வச்சாங்க. விலைவாசி ஏறும்போது கட்டணம் ஏறலைன்னா அது வெட்டுதான். இந்த விஷயத்துல ஜெர்மனி ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். டிவி இருக்கோ இல்லையோ, வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ. எவ்வளவு தேவைன்னு ஒரு தனி ஆணையம் கணக்குப் போடும், மாநிலங்கள் ஒப்புதல் தரணும். 2020-ல ஒரு மாநிலம், சாக்சனி-அன்ஹால்ட், ஒப்புதல் தராம இழுத்தடிச்சது. அடுத்த வருஷம் அரசியல் சாசன நீதிமன்றமே, இது ஒலிபரப்புச் சுதந்திரத்துக்கு எதிரானதுன்னு சொல்லி உயர்வை நடைமுறைப்படுத்திடுச்சு.

நம்ம ஊருக்கு வருவோம். "நான் தூர்தர்ஷன் பாக்கிறதே இல்ல, நான் ஏன் கட்டணும்?"னு ஒரு ஃப்ரெண்ட் கேட்டான். டேய், இப்பவும் கட்டிட்டுத்தான் இருக்கே. பிரசார் பாரதிக்குப் பணம் போறது நம்ம வரியிலிருந்து, ஒன்றிய அரசோட மானியமா. ரசீது மட்டும் உன் கைக்கு வரல. தன்னாட்சி அமைப்புன்னு 1990-ல சட்டம் போட்டு, 1997-ல நடைமுறைக்குக் கொண்டு வந்தாங்க. ஆனா சம்பளம் போடுற கை மாறலையே.

அதனால நான் கட்டுவேன். ஆனா தாத்தா கட்டின மாதிரி இல்ல. எவ்வளவுங்கிறதை மந்திரி இல்லாம ஒரு தனி ஆணையம் முடிவு பண்ணணும். கதவைத் தட்டுற ஆய்வாளர் வேண்டாம். இத்தாலியில 2016-லிருந்து கரண்ட் பில்லோட சேத்து வாங்குறாங்க, ஏமாத்துறது ரொம்பக் குறைஞ்சுடுச்சு. தமிழ்நாட்டுல முதல் 100 யூனிட் இலவசம். அந்த 100-க்குள்ள நிக்கிற வீட்டுக்கு இந்தக் கட்டணமும் இல்லைன்னு வச்சா, ஏழைகள் தலையில விழாது. ஒலிபரப்பு ஒன்றியம், கரண்ட் மாநிலம், சண்டை வரும்னு சொல்வீங்க. வரும்தான். ஆனா ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கண்காணிச்சா எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

ஆச்சிகிட்ட கேட்டேன், மறுபடி லைசென்ஸ் வந்தா கட்டுவீங்களான்னு. கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "உங்க தாத்தா பாட்டு கேட்டு கார்டு போட்டா சிலோன்காரன் பேரைச் சொல்லி வாசிப்பான். இவங்க வாசிப்பாங்களா?"

உங்க வீட்டுலயும் இந்தப் புத்தகம் இருந்தா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. எந்த வருஷ முத்திரைன்னும் சொல்லுங்க. அடுத்த வாரம் பேசலாம்.