நூல் பிடித்து அளந்த தூரம்
(பழைய மாணவிகள் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பத்தாம் ஆண்டில் சமூகக்கல்விப் பாடத்துக்கு எங்கள் வகுப்பில் இருந்தது ஒரேயொரு அங்குலப் படம். நில அளவைத் திணைக்களம் பதித்தது. மடிப்புகள் கிழிந்து, பின்புறம் துணி ஒட்டியிருந்தது. படத்தில் ஓர் அங்குலம் நிலத்தில் ஒரு மைல், அதாவது 63,360 அங்குலம். அதைச் சுற்றி முப்பத்தெட்டுப் பேர் முட்டுப்பட்டு நிற்போம். ஒருநாள் ரீச்சர் இரண்டு ஊர்களுக்கு இடையிலான தூரத்தைக் கேட்டார். அடிமட்டத்தை வைத்து உடனே சொன்னோம். "அடிமட்டம் குளத்துக்குள்ளாலும் போகும். நீங்கள் போவீங்களே?" என்று கேட்டுவிட்டு, தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்தார். றோட்டின் வளைவுகளோடு அதை வளைத்து வைத்து, பிறகு நீட்டி அளந்தார். ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. சமவுயரக் கோடுகளையும் படவெறியங்களையும் எங்களிற் பலர் மறந்துவிட்டோம். நூலை மறக்கவில்லை.

மருத்துவ பீடத்தில் அந்த நூலை மறுபடியும் கண்டோம். 1854 ஆம் ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் இலண்டன் சோகோப் பகுதியில் வாந்திபேதி பரவி 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கெட்ட காற்றே காரணம் என்று பெரும்பாலானோர் நம்பிய காலம் அது. வைத்தியர் ஜோன் ஸ்னோ தண்ணீரைச் சந்தேகித்தார். அவர் சொன்னதைக் கேட்டு, செப்டெம்பர் 8 ஆம் திகதி புறோட் வீதிப் பம்பியின் கைப்பிடியைக் கழற்றினார்கள். படத்தைப் பார்த்துத்தான் அவர் அதைக் கண்டுபிடித்தார் என்று கதை சொல்வதுண்டு. அது சரியல்ல. படம் பின்னர்தான் வந்தது. கைப்பிடி கழறும்போது நோயும் தணியத் தொடங்கியிருந்தது. படம் செய்தது வேறு வேலை. ஒரு மரணத்துக்கு ஒரு கறுப்புக் கோடு என்று வீட்டு வாசல்களில் அடுக்கியபோது, பம்பியைச் சுற்றிக் கோடுகள் நெருங்கி நின்றன. பக்கத்து மதுவடிசாலையில் ஒரு கோடும் இல்லை. அங்கே வேலை செய்தவர்கள் குடித்தது பியர்!

இரண்டாவது படத்தில் ஸ்னோ ஒரு புள்ளிக்கோடு போட்டார். அந்தக் கோட்டில் நிற்பவருக்குப் புறோட் வீதிப் பம்பியும் அடுத்த பம்பியும் சம தூரம். அந்தத் தூரத்தை அவர் நேர்கோட்டில் அளக்கவில்லை; குடத்தோடு நடந்துபோகும் வீதி வழியே அளந்தார். அதைப் பார்த்தபோது எங்கள் ரீச்சரை நினைத்துக்கொண்டோம்.

அந்தப் பகுதியில் ஹென்றி வைற்ஹெட் என்றொரு இளம் மதகுரு இருந்தார். முதலில் ஸ்னோவை நம்பாதவர். வீடு வீடாகத் தெரிந்தவர் என்பதால், முதலில் நோயுற்ற குழந்தையின் துணி கழுவிய தண்ணீர் கிணற்றை ஒட்டிய மலக்குழியில் ஊற்றப்பட்டதை அவரே கண்டறிந்தார்.

இனி எங்கள் கதை. சில வருடங்களுக்கு முன் எங்கள் பணிமனையில் கணினியில் அழகான படம் ஒன்று செய்தோம். ஒவ்வொரு கிளினிக்கைச் சுற்றியும் மூன்று கிலோமீற்றர் வட்டம். களப்புக்கு அக்கரையிலிருந்த ஒரு கிராமமும் வட்டத்துக்குள் விழுந்தது. ஆனால் அங்கிருந்து கர்ப்பிணித் தாய்மார் ஒழுங்காக வருவதில்லை. "அக்கறைக் குறைவு" என்று அறிக்கையில் எழுதினோம். அப்படி எழுதியவர்கள் நாங்களேதான்.

அந்த மாரியில் ஓர் இரவு, அக்கிராமத்துத் தாய் ஒருவர் வலியோடு முச்சக்கரவண்டியில் களப்பைச் சுற்றி வந்துசேர்ந்தார். தாய் தப்பினார். பிள்ளை தப்பவில்லை.

மறுநாள் குடும்பநல மாது எங்களைச் சுவருக்கு அழைத்துப்போனார். அவர் கையால் வரைந்த படம் பல வருடங்களாக அங்கேதான் தொங்கியது. அளவுத்திட்டம் இல்லையென்று நாங்கள் அதைப் பார்ப்பதேயில்லை. கோயில், கிணறுகள், பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டுக்குச் சிவப்புப் பொட்டு, எல்லாம் இருந்தன. தாம்போதிக்குக் குறுக்கே ஒரு நீலக்கோடு. பக்கத்தில் "கார்த்திகை முதல் தை வரை" என்று எழுதியிருந்தார். நூல் பிடித்து அளந்தோம். சுற்றுப்பாதை பதினான்கு கிலோமீற்றர்.

வட்டங்களை அழித்தோம். மாரியில் பதினைந்து நாளுக்கொருமுறை அக்கரைப் பொதுமண்டபத்தில் கிளினிக் வைத்தோம். தாய்மார் வந்தார்கள். முதல் நாளே மண்டபத்தில் கதிரை போதவில்லை.

அந்த மாது இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். அவருக்குப் பின் வந்தவர் நெடுக அந்தப் படத்தைத் திருத்திக்கொண்டே இருக்கிறார். அண்மையில் தாம்போதியை உயர்த்திக் கட்டினார்கள். நீலக்கோட்டை அழித்துவிடலாமா என்று எங்களிடம் கேட்டார். "ஒரு மாரி போகட்டும், பிள்ளை. அதுவரை இருக்கட்டும்" என்றோம்.