தலைக்கயிறு தெரிந்தெடுக்கும் விதம்

(மங்கலம்பேட்டையில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் முன்னிலையில் செய்யப்பட்ட பிரசங்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகவும் அற்பமாகத் தோன்றக்கூடியது. மாட்டின் தலையிற் கட்டும் கயிற்றுக்கு ஒரு பிரசங்கமும் வேண்டுமோ என்று உங்களிற் சிலர் நினைக்கலாம். கறவை மாடு வாங்கக் கடன் பெறுகிறோம். தீனிக்கும் வைத்தியத்துக்கும் செலவிடுகிறோம். ஆனால் அம்மாட்டை நம் கைக்கு இணங்கச் செய்யும் கயிற்றை மாத்திரம் சந்தையில் முதலில் அகப்பட்டதாக வாங்கி வந்துவிடுகிறோம்.

இதனால் விளையும் நஷ்டம் எத்தகையது என்பதை என் வீட்டு அனுபவத்தைக் கொண்டே சொல்லுகிறேன். என் தகப்பனார் காலத்தில் எங்களிடம் ஒரு கிடாரிக் கன்று இருந்தது. இளமையிலேயே அதற்கு மூக்குக் குத்தி, புண் ஆறுமுன் அந்த மூக்கணாங்கயிற்றையே முளையில் கட்டிவிட்டோம். ஒருநாள் அது நாயைக் கண்டு மிரண்டு பின்னுக்கு இழுத்ததில் மூக்கின் நடுத்தண்டு கிழிந்துபோயிற்று. காயத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்தது. புண் ஆறிய பின்னரும், மனிதர் கை முகத்தருகே வந்தால் அது தலையை உதறும். ஈன்ற பின் கறக்கவும் விடவில்லை. முடிவில் பாதி விலைக்கு விற்றோம். குற்றம் கன்றினுடையதன்று, எங்களுடையது.

மூக்கணாங்கயிறு அடங்காத காளையைப் பிடிப்பதற்கு நம் முன்னோர் கண்ட சாதனம். அதை நான் பழிக்க வரவில்லை. 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டமும், விதித்த முறைப்படி மூக்குக் குத்துவதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. ஆனால் அது கட்டிவைப்பதற்குரிய கயிறு அன்று. கன்றுக்கு முதற்பாடம் கற்பிப்பதற்குரிய கயிறும் அன்று. அவ்விரண்டுக்கும் உரியது, மூக்கைத் துளைக்காமல் முகத்தின்மேற் பொருந்தி, காதுகளுக்குப் பின்னால் பிடரியைச் சுற்றி வரும் தலைக்கயிறேயாகும். கழுத்தில் சுருக்கிட்டுக் கட்டுவதோ இன்னும் அபாயம். மாடு இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகி மூச்சை அடைத்துவிடும்.

தலைக்கயிற்றை வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, நார். தேங்காய் நார்க் கயிறு மலிவு. ஆனால் சொரசொரப்பானதால் கன்றின் இளந்தோலை அராவும். நைலான் கயிறு மழையில் மக்காது, எளிதில் அறாது. எனினும் மெல்லியதாக இருந்தால் தோலில் வெட்டி இறங்கும். வழுக்கிச் செல்லும்போது பிடிப்பவர் உள்ளங்கையையும் சுட்டுவிடும். பருத்தி நூற்கயிறு மெத்தென்றிருக்கும். ஆனால் ஈரத்தில் கிடந்தால் உளுத்துப்போகும். ஆகையால் பழக்கும் காலத்தில் பருத்திக் கயிறே உத்தமம். உபயோகித்த பின் உலர்த்தி வைக்க வேண்டும்.

இரண்டாவது, பருமன். ஒரே இழுப்பு மெல்லிய கயிற்றில் வந்தால் சிறிய இடத்தில் அழுத்தும். பருத்த கயிற்றில் வந்தால் பரவி அழுத்தும். வளர்ந்த மாட்டுக்கு ஏறக்குறைய அரை அங்குலப் பருமன் வேண்டும். பிடிகயிறு உட்பட 12 முதல் 14 அடி நீளம் போதுமானது.

மூன்றாவது, தளர்ச்சி. இதுவே முக்கியம். இழுத்தால் சற்று இறுகவும், விட்ட மாத்திரத்தில் தளரவும் வேண்டும். கடையிலேயே முழங்காலில் மாட்டி இழுத்து விட்டுப் பாருங்கள். இறுகியபடியே நிற்கும் கயிற்றை வாங்காதீர்கள்.

இதற்குக் காரணம் உண்டு. மிருகம் இழுப்பினால் கற்பதில்லை. இழுப்பு நீங்குவதினால் கற்கிறது. கன்று ஓரடி முன் வைத்த அந்தக் கணமே கயிற்றைத் தளர்த்தினால், ‘நடந்தால் தொல்லை நீங்கும்’ என்று அது அறிந்துகொள்கிறது. நடந்த பின்னும் இழுத்துக்கொண்டிருந்தால், நடந்தும் பயனில்லை என்றே அறிந்துகொள்ளும். தினம் 10 அல்லது 15 நிமிஷம் இவ்வாறு பழக்கினால் போதும். வெடுக்கென்று சுண்டி இழுப்பது கூடாது.

பொருத்தும் விதமும் அறியத் தக்கது. மூக்கின்மேல் வரும் சுற்று, கண்ணுக்கும் நாசித் துவாரத்துக்கும் ஏறக்குறைய நடுவில் அமைய வேண்டும். கீழே இறங்கினால் மெல்லிய பாகத்தை அழுத்தி மூச்சைத் தடுக்கும். மேலே ஏறினால் கண்ணோரத்தை அராவும். இரண்டு விரல் நுழையும் இடம் இருக்கட்டும். கன்றின் முகம் வளரும், கயிறு வளராது. மாதக்கணக்கில் கழற்றாத கயிறு சதைக்குள் புதைந்துபோவதுண்டு. ஆதலால் பழக்கம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். அப்படியே விடவேண்டியிருந்தால் வாரந்தோறும் தளர்த்திப் பாருங்கள்.

இன்னுமோர் எச்சரிக்கை. பிடிகயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மாடு மிரண்டால் விரல் போகும். சிறுவர்களானால் உயிரே போகலாம். மடித்துக் கையில் பிடிப்பதே முறை. கட்டும்போதும் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சையே போடுங்கள்.

குதிரை வைத்திருப்போரும் இவ்விஷயத்தில் அறியவேண்டியது உண்டு. ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்கு மாடுகளோடு குதிரைகளும் வருவது பிரசித்தம். குதிரைக்கு மூக்குக் குத்தும் வழக்கமில்லை. ஏறுமுன் தரையில் நின்று நடத்தவும், நிறுத்தவும், பின்வாங்கச் செய்யவும் பழக்குவது முழுவதும் தலைக்கயிற்றினாலேயே ஆகும். குதிரை வாயால் மூச்சு விடாது. நாசியினால் மட்டுமே விடும். ஆகையால் மூக்குச் சுற்று கன்ன எலும்பு முனைக்கு இரண்டு விரல் கீழே இருப்பது நலம். அதற்கும் மிகத் தாழ்ந்தால் மூச்சுக்கு இடையூறு. முகத்து நரம்பு கன்னத் தோலுக்குச் சமீபமாகவே ஓடுவதால் வளையமும் முடிச்சும் அங்கே அழுத்தலாகாது. முடிச்சுகளோடு கூடிய மெல்லிய கயிறு தேர்ந்த கைக்குச் சிறு சைகையும் தெரிவிக்க உதவும். பழகாத கையில் அதுவே தண்டனையாகும். புதிதாகப் பழக்குவோர் அகன்ற பட்டையையே தெரிந்தெடுக்க வேண்டும். அறாத முடிச்சுக் கயிற்றை மாட்டிக் குதிரையைக் கட்டிவைப்பதும், மேய விடுவதும் கூடாது.

வண்டி இழுக்கும் பிராணிகளைக் குறித்த 1965-ஆம் ஆண்டு விதிகள், முள்ளுள்ள கோலையும், காயப்படுத்தும் கடிவாளத்தையும் தடுத்திருக்கின்றன. ஆயினும் சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதைவிட, நம் சொத்தைக் காப்பதற்காகவும், வாயில்லா ஜீவனிடத்து இரக்கத்தினாலும் செய்வதே மேலானது.

கடைசியாக ஒரு யோசனை. 1904-இல் கூட்டுறவுச் சட்டம் ஏற்பட்டபோது கடன் கொடுப்பதே சங்கங்களின் முதல் வேலையாக இருந்தது. இன்று அதனோடு நில்லாமல், அங்கத்தினர்கள் சேர்ந்து நல்ல பருத்திக் கயிற்றை மொத்தமாக வாங்கி, கன்றுக்கும், கிடாரிக்கும், வளர்ந்த மாட்டுக்குமாக மூன்று அளவுகளில் முடைந்து, அடக்க விலைக்கு வினியோகிக்கலாம். கயிறு முடையத் தெரிந்த முதியோர் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டு இளைஞருக்கு ஒருநாள் கற்பிக்கச் செய்யலாம்.

தடுப்பூசி போடும் நாளில், நான்கு பேர் மடக்கிப் பிடிக்காமல், வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி தளர்ந்த கயிற்றோடு நடத்திவர, தானாக வந்து நிற்கும் மாடே நன்றாய்ப் பழகிய மாடு. அத்தகைய மாடுகள் இவ்வூரில் பெருகவேண்டுமென்று கோருகிறேன்.