விரிவுரையாளர் நியமனமும் சமநோக்கும்
(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழகத்துக்கு விரிவுரையாளரை நியமிக்குங்கால் அவரது கல்வியை மாத்திரம் பார்ப்பதா, பின்தங்கிய மாணவரையும் சமமாகக் கருதும் உள்ளம் உண்டா என்றும் பார்ப்பதா என்ற கேள்வி மேல்நாடுகளில் எழுந்திருக்கின்றது. தோட்டத்துப் பள்ளியிலிருந்து பேராதனைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இது தூரத்து வழக்கன்று.

அமெரிக்காவிலே பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பதாரிகளிடம் இதுபற்றி ஒரு கூற்றை எழுதி வாங்கின. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் 2018-2019இல் உயிரியல் துறைகளுக்கு ஆட்சேர்த்தபோது, தகுதியுடையோரில் ஏறக்குறைய முக்காற் பங்கினர், ஆராய்ச்சியைப் பார்க்குமுன்னரே அக்கூற்றினால் விலக்கப்பட்டனர். எதிர்ப்பு வலுத்தது. மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் 2024இலும், கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2025இலும் அந்நிபந்தனையைக் கைவிட்டன.

நோக்கம் தவறென்று நாம் கூறோம். அளந்த விதமே தவறு. திருநீற்றுப் பட்டையின் அகலத்தைக் கொண்டு பக்தியை அளக்கலாமோ? சமத்துவம் என்ற சொல்லைப் பத்து முறை எழுதத் தெரிந்தவன் தேறிவிடுவான். இறத்தோட்டைப் பக்கத்து லயத்திலே இரவு விளக்கில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த பெண்ணோ, அதனைப் பெரிய காரியமென்று எண்ணாமையால் எழுதாமலே விடுவாள்.

அளவுகோல் பிழைத்தால் வருவது என்ன என்பதை இந்நாடும் கண்டது. 1971இல் பேராதனைப் பொறியியற் பீடத்திற் சேரச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளி போதுமாயிருக்க, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டியிருந்தது. அதுவும் நியாயத்தின் பெயராலேயே செய்யப்பட்டது! 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இன்று பெரும்பாலான துறைகளில் 40 வீதம் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியது. அப்பதினாறில் நுவரெலியா உண்டு, மாத்தளை இல்லை. எல்கடுவைத் தோட்டத்துப் பிள்ளையும் மாத்தளை நகரத்துப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கின்றனர்.

ஆதலின், நியமனத்தில் சமநோக்கையும் பார்ப்பதாயின், கொள்கையைக் கேளாது செயலைக் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் தடுமாறிய மாணவனுக்கு நீர் செய்தது யாது என்ற ஒரே கேள்வியை எல்லாரிடமும் கேட்கலாம். புள்ளி எவ்வாறு இடப்படும் என்பது விளம்பரத்திலேயே வெளிவரல் வேண்டும். இருவர் தனித்தனியே புள்ளியிடட்டும். கல்வித் தகைமையைப் பார்த்த பின்னரே இதனைப் பார்த்தல் வேண்டும். மாற்றுக் கருத்துடையவரைக் கழிக்கும் சல்லடையாக இது ஆகிவிடலாகாது.

நம் அங்கத்தவருள் மாலை வகுப்பு நடத்துவோர் இருக்கின்றனர். நாள், பாடம், வந்த பிள்ளைகளின் தொகை ஆகியவற்றை மன்றப் பதிவேட்டில் எழுதி வைக்குமாறு செயலாளரை வேண்டிக்கொள்கின்றோம். நாளை அவர்களுள் ஒருவர் நேர்முகப் பரீட்சைக்குச் செல்லுகையில் காட்டுவதற்கு ஏதேனும் கையில் இருக்க வேண்டுமல்லவா?