அச்சத்திற்கு அஞ்சும் நோய்

உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதையே நம் முன்னோர் மெய்ப்பாடு என்றனர். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். அவற்றுள் அச்சமும் ஒன்று. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கும் அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் என்றும் எண்ணிக் காட்டினார். இந்த நான்கையும் உற்று நோக்குங்கள். நான்கும் அஞ்சுகிறவனுக்குப் புறத்தே நிற்பவை. புலி அகன்றால் அச்சமும் அகலும். அதுவே இயற்கை.

நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட நோயில் புலியும் இல்லை, கள்வனும் இல்லை. ஆயினும் மெய்ப்பாடு மட்டும் சிறிதும் குறையாமல் நிகழ்கின்றது. இதனைத் திகில் நோய் என்பர். பதற்ற நோய்கள் என்னும் பெருங்குடும்பத்தில் இது ஓர் உறுப்பு. எதைப் பற்றியும் ஓயாது கவலையுறுதல், பிறர் முன் நிற்கவும் பேசவும் நடுங்குதல், உயரம், நாய், பல்லி போன்ற ஒன்றனைக் கண்டு மட்டும் அளவு கடந்து அஞ்சுதல் ஆகியனவும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. அவை அனைத்தையும் கால் மணி நேரத்தில் சொல்ல இயலாது. ஒன்றைத் தெளிவாக அறிந்தால் மற்றவற்றின் இயல்பும் ஒருவாறு புலப்படும்.

நாற்பது வயதுள்ள ஓர் எழுத்தர் பேருந்தில் அலுவலகத்திற்குச் சென்றுகொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் மிகுதி; புழுக்கம். திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. மூச்சு முட்டுகிறது, கை விரல்கள் மரத்துப் போகின்றன, உடம்பெல்லாம் வியர்க்கின்றது. 'இதோ, உயிர் போகப் போகிறது' என்னும் எண்ணம் மின்னல்போல் தாக்குகிறது. பாதி வழியில் இறங்கி மருத்துவமனைக்கு ஓடுகிறார். அங்கே இ.சி.ஜி. எடுத்துப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

இந்த 'ஒன்றுமில்லை' என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இதயத்தில் பழுதில்லை என்ற அளவில் அச்சொல் உண்மையே. ஆனால், செத்துப் பிழைத்ததாக உணரும் ஒருவரிடம் ஒன்றுமில்லை என்றால் அவர் என்ன எண்ணுவார்? மருத்துவர் கண்டுபிடிக்கவில்லை என்று எண்ணுவார். அல்லது, நாம் பொய் சொல்வதாகக் கருதுகிறார்கள் என்று உள்ளம் வெதும்புவார். வேறொரு மருத்துவரிடம் செல்வார். அங்கும் அதே சொல். இப்படியே பொருளும் காலமும் கரையும். 'உங்கள் இதயம் நன்றாக இருக்கிறது. உங்களுக்கு வந்தது இன்ன நோய். இதற்கு மருத்துவம் உண்டு' என்று மூன்று தொடர்கள் கூடச் சொல்லியிருந்தால் பல ஆண்டுத் துன்பம் தவிர்ந்திருக்கும்.

இந்நோயாளரை இதய நோயாளர் என்று கருதியது நேற்று இன்று நிகழ்ந்ததன்று. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது. அப்போது படபடப்பும் மார்பு வலியும் மூச்சுத் திணறலும் கொண்டு வந்த படைவீரர் முந்நூறு பேருக்கு மேற்பட்டோரை ஜேக்கப் டா கோஸ்டா என்னும் மருத்துவர் ஆராய்ந்தார். 1871-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு 'எரிச்சலுற்ற இதயம்' என்று பெயரிட்டார். முதல் உலகப் போரிலும் இதே குறைகளோடு வீரர்கள் வந்தனர். அவர்களைப் படுக்கையில் கிடத்தி வைப்பதைவிட, சிறிது சிறிதாக உடற்பயிற்சி கொடுத்து எழுப்புவதே நலம் தருகிறது என்று தாமஸ் லூயிஸ் என்னும் பிரிட்டன் நாட்டு இதய மருத்துவர் கண்டார். இதனை நினைவில் வையுங்கள்; இன்றைய மருத்துவத்தின் வித்து அதில் இருக்கிறது.

உடம்பில் நிகழ்வது என்ன? ஆபத்தைக் கண்டவுடன் உடம்பு போரிடவோ ஓடவோ தன்னை ஆயத்தம் செய்துகொள்ளும் என்பதை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் விளக்கினார். சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன, இதயம் விரைகின்றது, குருதி பெருந்தசைகளுக்குப் பாய்கின்றது, மூச்சு வேகம் பெறுகின்றது. புலி துரத்தும்போது இவையெல்லாம் உயிர் காப்பவை. திகில் நோயிலோ, தினைப்புனத்துப் பரண்மேல் இருக்கும் காவலன் காற்றில் கதிர் அசைந்ததைக் கண்டு, பன்றி வந்ததென்று பறையை அடித்து ஊரை எழுப்பியதுபோல் ஆகிவிடுகிறது. பறை பழுதுற்றதன்று, காவலனும் உறங்கவில்லை, விழிப்புத்தான் மிகுந்துவிட்டது.

படபடப்பைக் கண்டு, 'இது மாரடைப்பு' என்று உள்ளம் பொருள் கொள்கிறது. அப்பொருள் அச்சத்தை எழுப்புகிறது. அச்சம் படபடப்பை மேலும் வளர்க்கிறது. செக்குமாடு சுற்றுவதுபோன்ற இச்சுழற்சியை இங்கிலாந்தின் உளவியல் அறிஞர் டேவிட் கிளார்க் 1986-இல் தெளிவுபடுத்தினார். அது எவ்வளவு கொடியதாகத் தோன்றினும் சில நிமிடங்களில் உச்சத்தை அடைந்து, பின் தானே தணிந்துவிடும். ஆனால் நம் எழுத்தர் அதற்குள் பேருந்தைவிட்டு இறங்கிவிட்டார். தாம் இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று அவர் உள்ளம் கணக்கு எழுதிக்கொள்கிறது. மறுநாள் பேருந்தில் ஏறுவதில்லை. அடுத்து, திரையரங்கு நின்றது, பிறகு, கோயில் திருவிழா நின்றது, பின்பு கடைத்தெரு. தப்பி ஓடிய ஒவ்வொரு முறையும் அச்சத்திற்கு உணவிட்டதாகவே முடிகிறது. அவரை வீட்டுக்குள் அடைத்துவிட்டது திகிலன்று. திகில் வந்துவிடுமோ என்னும் அச்சமே.

இதனை ஆஸ்திரேலிய மருத்துவ அம்மையார் கிளேர் வீக்ஸ் தம் உடம்பிலேயே கண்டவர். இளமையில் அவர் விலங்கியல் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தபோது காசநோய் என்று தவறாகக் கணித்து அவரைப் படுக்க வைத்தனர். காசநோய் இல்லை என்று பின்னர்த் தெரிந்தது. படபடப்போ நீங்கவில்லை. முதல் உலகப் போரில் பணிபுரிந்த நண்பர் ஒருவரிடம் இதனைச் சொன்னபோது, பதுங்குகுழிகளில் தங்கள் நெஞ்சும் அப்படித்தான் அடித்தது என்றும், அதைக் கண்டு அஞ்சுவதாலேயே அது நீடிக்கிறது என்றும் அவர் எளிதாகக் கூறினாராம். அம்மையாருக்கு வழி புலப்பட்டது. பின்னர் மருத்துவம் பயின்ற அவர், 1962-இல் பொதுமக்களுக்காக ஒரு நூல் எழுதினார். எதிர்கொள், ஏற்றுக்கொள், மிதந்து செல், காலம் கழியவிடு என்னும் நான்கே அவர் தந்த மருந்து. வல்லுநர்கள் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை; நோயாளிகளோ போற்றிப் படித்தனர்.

அச்சப் பொருள்களைப் படிப்படியாக வரிசைப்படுத்தி, எளியதிலிருந்து கடியதற்குச் செல்லும் முறையை ஜோசப் வோல்ப்பி 1958-இல் நூலாக்கினார். இன்று அளிக்கப்படும் எண்ண, நடத்தைப் பயிற்சி மருத்துவம் இவ்வழிகளில் வளர்ந்ததே. பெரும்பாலும் வாரம் ஒருமுறையாகப் பத்துப் பதினைந்து அமர்வுகளில் அது நிறைவுறும். அதில் வியப்பான ஒரு பகுதி உண்டு. மருத்துவர் நோயாளியை மாடிப்படியில் விரைந்து ஏறச் சொல்வார். சுழல் நாற்காலியில் சுற்றச் சொல்வார். வேண்டுமென்றே படபடப்பையும் தலைச்சுற்றலையும் வரவழைத்து, இவை வந்தும் ஒன்றும் நேரவில்லை என்று உடம்பே உணரச் செய்வதுதான் நோக்கம். வாயால் ஆயிரம் முறை சொல்லும் அறிவுரை செய்யாததை இது செய்துவிடும்.

மருந்தும் பயன் தருவதே. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க்கு நகரில் டொனால்டு கிளைன் என்னும் மருத்துவர் இமிப்ரமின் என்னும் மருந்தைத் திகில் நோயாளர்க்குக் கொடுத்துப் பார்த்தார். நாள்தோறும் 'சாகப் போகிறேன்' என்று செவிலியரிடம் ஓடிவந்தவர்கள் சில வாரங்களில் ஓடிவருவதை நிறுத்திவிட்டனர். நோயாளர் தாம் தேறியதை உணருமுன்னரே செவிலியர் கண்டுகொண்டனர். இப்போது செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்றவற்றை முதலில் கொடுக்கிறார்கள். இவை பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். முதல் சில நாட்களில் பதற்றம் சற்று மிகுதலும் உண்டு. ஆகையால் குறைந்த அளவில் தொடங்குவர். நலம் கண்டவுடன் தாமாக நிறுத்திவிடலாகாது. மருத்துவர் சொல்லும் மாதங்கள் வரை தொடர்ந்து உட்கொண்டு, அவர் கூறும் முறையில் குறைத்தல் வேண்டும்.

1960-இல் குளோர்டயசெப்பாக்சைடும் 1963-இல் டயசெப்பாமும் விற்பனைக்கு வந்தன. அரை மணிக்குள் அமைதி தரும் இவற்றையும் இவற்றின் இனமான அல்ப்ரசோலத்தையும் பற்றி எச்சரிக்கை செய்யாமல் இருக்க முடியவில்லை. நெருக்கடியில் சில நாட்கள் மருத்துவர் தரலாம். பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குவதோ, உடம்பு அதற்கு அடிமையாவதில் முடியும். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே ஒடுக்கிவிடும்.

முதன்முறையாக மார்பு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால், இது வெறும் திகில்தான் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். இதயத்தை ஆராய்ந்தே தீர வேண்டும்; தைராய்டுச் சுரப்பி மிகுதியாக வேலை செய்தாலும் இவ்வாறே தோன்றும். அவையில்லை என்று தெளிந்த பின், மீண்டும் மீண்டும் அதே ஆய்வுகளைச் செய்துகொள்வதில் பயனில்லை. மனநல மருத்துவரை நாடுங்கள். செல்வதற்குத் தயங்குவோர், 2022-இல் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு சொல். 'தைரியமாக இரு' என்று கடிவதால் நோய் தீராது. எங்கு சென்றாலும் கூடவே போய்த் துணை நிற்பதும், அன்பினால் செய்வதே ஆயினும், நோய்க்குத் துணையாகிவிடும். எழுத்தர் மீண்டும் பேருந்தில் ஏறத் தொடங்குகிறார் என்றால், முதல் வாரம் மனைவி அடுத்த இருக்கையில் அமரட்டும். அடுத்த வாரம் அதே பேருந்தில் பின்புறம் இருக்கட்டும். மூன்றாம் வாரம் அவர் இறங்கும் நிறுத்தத்தில் வந்து நின்றால் போதும்.